இடப்பக்கம் ஏறும் வெளிச்சம்

எனக்குப் பொறாமையே கிடையாது என்று சொல்லிக்கொண்டு திரியும் ஆண்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். எனக்கு உண்டு. நிறையவே உண்டு. என் மனைவி தோங்கா ரொட்டிக் கடைக்காரனிடம் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசினால் அன்றைக்கு அந்த ரொட்டி என் தொண்டையில் இறங்காது. அப்படிப்பட்டவனிடம் வந்து, கமென் ஊருக்குத் திரும்பிவிட்டான் என்று காபிக் கடை திமோ சொன்னால் எப்படி இருக்கும்?

"பல்லெல்லாம் புதுசா கட்டியிருக்கான், வெல்கோ. இங்கிலாந்துப் பல்லு. சிரிச்சா கண்ணு கூசுது" என்றான் திமோ.

"கட்டிக்கட்டும். கடிக்கவா வந்திருக்கான்?"

"அம்மா வீட்ட ரிப்பேர் பண்ணி இங்கயே தங்கப் போறானாம். பொண்டாட்டி பிரிஞ்சு போயிட்டாளாம். 'நான் ரொம்ப நாள் தனியா இருக்க மாட்டேன், பாருங்க'ன்னு நேத்து இதே நாற்காலியில உக்காந்து சொன்னான்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான் படுபாவி. எங்கள் ஊர் திரியானவோவில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான் இது. கமெனும் தோங்காவும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். திருவிழாவில் எல்லாரும் கைகோத்து வட்டமாக ஹோரோ ஆடும்போது அவள் கை எப்போதும் அவன் கையில்தான் இருக்கும். அவன் இங்கிலாந்துக்குத் தரை ஓடு பதிக்கும் வேலைக்குப் போனான். சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்றான். வரவில்லை. நான் ஊரிலேயே இருந்தேன். இருந்தவனை அவள் கட்டிக்கொண்டாள். எங்கள் மகள் படித்து முடித்து ப்லோவ்திவில் வேலைக்குப் போய்விட்டாள். இத்தனைக்குப் பிறகும் ஊரைப் பொறுத்தவரை நான் அந்த 'இருந்தவன்' மட்டும்தான்.

என் பட்டறை ஆற்றுப் பாலத்துக்கு அப்பால், எங்கள் வீட்டுக்குக் கீழேயே இருக்கிறது. ஹெட்லைட் சரி செய்வதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. வண்டியை வருடச் சோதனைக்குக் கொண்டுபோகிறவர்கள் அங்கே போய் மாட்டிக்கொள்ளாமல் இருக்க முதலில் என்னிடம் வந்துவிடுவார்கள். சமமான சிமென்ட் தரை, எதிரே வெள்ளையடித்த சுவர், சுவரில் நான் போட்ட கோடுகள், இவ்வளவுதான் என் கருவி. டயரில் காற்றைச் சரிபார்த்து, வண்டியைச் சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி நிறுத்தி, டிம் விளக்கைப் போட்டால், வெளிச்சத்தின் மேல் விளிம்பு விளக்கின் உயரத்தைவிடப் பத்து சென்டிமீட்டர் கீழே விழவேண்டும். எதிரே வருகிறவன் இருக்கும் இடப்பக்கம் அந்த விளிம்பு படுத்துக் கிடக்கவேண்டும். பாதையோரம் தெரிவதற்காக வலப்பக்கம் மட்டும் மேலே ஏறவேண்டும். இத்தனையும் ஓட்டுநர் இருக்கையில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும்போது சரியாக இருக்கவேண்டும். காலி வண்டியில் சரி செய்தால் ஆள் ஏறியதும் எல்லாம் மாறிவிடும்.

அந்த ஆள் தோங்கா. கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்கு எடைக்கு உட்காருகிறவள் அவள்தான். மடியில் பின்னல் வேலையோ சூரியகாந்தி விதையோ வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பாள். வண்டிக்காரன் என்னோடு சுவரோரம் நின்று சிகரெட் பிடிப்பான். ஒருவனும் அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்ததில்லை. கமென் வரும்வரை.

அக்டோபர் மாதம் ஒரு சாயங்காலம் வெள்ளி நிறத்தில் பெரிய கார் ஒன்று வந்து நின்றது. நான் இடப்பக்கக் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், ஆள் வலப்பக்கம் இறங்குகிறான். ஸ்டீயரிங் அந்தப் பக்கம்.

"வெல்கோ அண்ணே!" என்று கட்டிப்பிடித்தான். சென்ட் வாசனை என் கம்பளிச் சட்டையில் ஏறி ஒரு வாரம் போகவில்லை. "என்னதான் சொல்லுங்க, நம்ம ஊர் ஜனங்க மாதிரி வராது! வழி நெடுக எதிர்ல வர்ற ஒவ்வொருத்தனும் எனக்கு லைட்ட அடிச்சு அடிச்சுக் காட்டுறான். முன்னாடி போலீஸ் நிக்கிது, பாத்துப் போன்னு சொல்றாங்க. நானும் மெதுவாவே வந்தேன். ஒரு போலீஸையும் காணோம். ஆனா அந்தப் பாசம் இருக்கு பாருங்க!"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. இங்கிலாந்தில் இடப்பக்கம் ஓட்டுவார்கள். அந்த ஊர் விளக்கு இடப்பக்கம்தான் ஏறும். இங்கே அது நேராக எதிரே வருகிறவன் கண்ணில் போய்க் குத்தும். கண் கூசி, ஆத்திரத்தில் அவன் அம்மா வரைக்கும் திட்டிக்கொண்டு ஒவ்வொருவனும் விளக்கை அடித்துக் காட்டியிருக்கிறான். இவன் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

"ஆமா, பாசக்கார ஜனங்க" என்றேன். இன்னும் ஒரு வாரம் இப்படியே சுற்றட்டும் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் தோங்கா படியிறங்கி வந்துவிட்டாள். காதில் தோடு. மத்தியானம் அந்தத் தோடு இல்லை.

"அது பாசமில்லடா, வசவு! உன் லைட்டு அவங்க கண்ணப் பிடுங்குது. வெல்கோ சொல்லலையா உனக்கு?" என்றாள்.

"சொல்ல வாயத் தெறந்தேன், அதுக்குள்ள நீ வந்துட்ட" என்றேன்.

அவள் காபி போட்டுக்கொண்டு வந்தாள். "குடிக்கிறியா?" என்று கேட்டாள். கமென் தலையை மேலும் கீழுமாக ஆட்டினான். வேண்டாம் என்கிறான் என்று அவள் கோப்பையை என்னிடம் கொடுத்துவிட்டாள். நான் பாதி குடித்த பிறகும் அவன் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எனக்குக் காபி?" என்றான் கடைசியில்.

"வேணாம்னு இப்பதானே தலையாட்டின!"

அப்புறம்தான் எல்லாருக்கும் விளங்கியது. எங்கள் ஊரில் தலையை மேலும் கீழும் ஆட்டினால் இல்லை. பக்கவாட்டில் ஆட்டினால் ஆமாம். தொட்டில் குழந்தைக்குத் தெரிந்த விஷயம். இவனுக்கு அங்கே போய் எல்லாம் தலைகீழாகிவிட்டது.

"ஸ்டீயரிங்க மட்டுமில்ல, இவன் தலையையும் மாத்திப் பூட்டி அனுப்பிட்டாங்க!" என்று சொல்லித் தோங்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. இந்தச் சிரிப்பை நான் கடைசியாக எப்போது கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை, கோபம்தான் வந்தது.

வேலையை ஆரம்பித்தேன். தோங்கா ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள். கமென் மறுபக்கம் கதவைத் திறந்து அவளுக்குப் பக்கத்தில் ஏறிவிட்டான்.

"நீ எதுக்கு உள்ள? இப்படி வந்து என்கூட நில்லு."

"குளிருது அண்ணே. நானும் ஒரு எடைதானே!"

பானெட்டைத் தூக்கி நிறுத்தினால் முன்னால் நிற்கிறவனுக்கு வண்டிக்குள் எதுவும் தெரியாது. எத்தனையோ வருடமாக இந்தத் தொழில் செய்கிறேன், அது ஒரு குறை என்று அன்றைக்குத்தான் தோன்றியது. கையில் திருப்புளி, காது மட்டும் உள்ளே. சுவரைப் பார்த்தேன். வெளிச்சத்தின் விளிம்பு குலுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். குலுங்கல் நின்றது. இப்போது இடப்பக்கம் விளிம்பு ஒரு விரற்கடை தாழ்ந்தது. அவள் அவன் பக்கம் சாய்கிறாள்!

பானெட்டைப் படாரென்று மூடினேன். கமென் போனில் எதையோ காட்டிக்கொண்டிருந்தான், தோங்கா தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க அம்மா வீட்டுத் திராட்சைக் கொடி, வெல்கோ. காஞ்சே போச்சு பாரேன்" என்றாள்.

"காயட்டும்" என்றேன்.

அந்த விளக்கை எந்தத் திருகைத் திருகினாலும் சரி செய்ய முடியாது. கண்ணாடிக்குள்ளேயே அது இடப்பக்கம் ஏறுகிறது. மேலே ஏற்றலாம், கீழே இறக்கலாம், திசையை மாற்ற முடியாது. எங்கள் ரோட்டுக்கு ஏற்ற ஜோடியைச் சோஃபியாவிலிருந்து வரவழைக்கவேண்டும் என்று சொல்லி, அதுவரைக்கும் ஏறுகிற மூலையில் கறுப்பு டேப் ஒட்டி அனுப்பினேன். இரண்டு நாளில் திரும்பி வந்தான். டேப் உரிந்துவிட்டதாம். மறுபடி ஒட்டினேன். அதுவும் உரிந்ததாம். என் கையால் ஒட்டிய டேப் மழையிலும் உரியாது. இவன் நகத்தால் சுரண்டிவிட்டு வருகிறான். ஒவ்வொரு தடவையும் தோங்கா மாடியிலிருந்து இறங்கி வந்தாள், ஒவ்வொரு தடவையும் அந்தத் தோடு காதில் இருந்தது.

ஒரு நாள் சாப்பிடும்போது சொல்லியே விட்டேன். "இனிமே நீ வண்டியில உக்கார வேணாம். சிமென்ட் மூட்டைய வச்சுப் பாத்துக்கறேன்."

"எத்தன மூட்டை?" என்றாள்.

 அவள் எடை என்ன என்று அவள் எனக்குச் சொன்னதில்லை, நானும் உயிரோடு இருக்க ஆசைப்பட்டுக் கேட்டதில்லை.

"வச்சுக்கோ. பேசாம கெடக்கும். உனக்கும் அதான் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள். நான் இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்தேன். இவள் போய்விடுவாள் என்று தோன்றிவிட்டது. அவன் வா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாலம் தாண்டி நாலு தெரு, பெட்டிகூட வேண்டாம், கையை வீசிக்கொண்டே போய்விடலாம். மகளும் வீட்டில் இல்லை, எதைக் காட்டி நான் நிறுத்துவேன்? அவளைக் கேட்டுவிட வாய் வரை வரும். கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்று பயந்து விழுங்கிவிடுவேன்.

சோஃபியாவிலிருந்து விளக்குகள் வந்தன. பழைய ஜோடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துக் கமெனிடம் கொடுத்துவிட்டுப் புதிய ஜோடியைப் பூட்டினேன். சிமென்ட் மூட்டை கொண்டுவரச் சொல்லி யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, தோங்காதான் உட்கார்ந்தாள். பக்கத்தில் அவன், கண்ணாடியை இறக்கிவிட்டு முழங்கையை வெளியே போட்டுக்கொண்டு. பாட்டரி இறங்கினால் விளக்கு மங்கிவிடும் என்பதால் நான் எப்போதும் என்ஜினை ஓடவிட்டுத்தான் பார்ப்பது. அந்த டீசல் என்ஜினோ டிராக்டர் மாதிரி கத்தியது.

சுவரோரம் நின்றால் இரண்டு ஹெட்லைட்டும் என் கண்ணில். நான் நாடக மேடையில் நிற்கிறவன் மாதிரி நன்றாகத் தெரிவேன், அவர்கள் எனக்குத் தெரியமாட்டார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு விளக்கை அட்டையால் மூடினேன், மூடித்தான் மற்றதைப் பார்க்கவேண்டும். அந்த மற்ற விளக்கின் முன்னால் போய் என் காலையும் தொடையையும் வைத்து மறைத்துக்கொண்டு நின்றேன், அது வேலையில் சேர்த்தி இல்லை. இப்போது உள்ளே தெரிந்தது. டாஷ்போர்டு வெளிச்சத்தில் இரண்டு முகங்கள்.

கமென் சிரிக்கவில்லை. முன்னால் பார்த்துக்கொண்டே ஏதோ கேட்டான். நீளமான பேச்சு இல்லை, ஒரே ஒரு கேள்வி. இதோ வந்துவிட்டது என்று நினைத்தேன்.  தோங்கா அவன் பக்கம் திரும்பவில்லை. முன்கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நேராக என் கண்ணைப் பார்த்தாள். அப்படியே பார்த்துக்கொண்டு தலையை மேலும் கீழும் அசைத்தாள். மெதுவாக. இன்னொரு தடவையும்.

இல்லை என்கிறாள்!

அவன் முகம் தொங்கிப்போனது. நான் என் கண்ணால் பார்த்தேன், கட்டிய பல் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. எனக்குக் குதிக்கவேண்டும்போல இருந்தது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவனுக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறாள் என் பெண்டாட்டி! மிச்ச வேலையைக் கண்ணை மூடிக்கொண்டே முடித்தேன். வெளிச்சம் வலப்பக்கம் அழகாக ஏறி நின்றது. அவன் இறங்கியதும் அலமாரியிலிருந்து நானே பிளம் பழத்தில் வடித்த ராக்கியா சாராயத்தை எடுத்து ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தேன். எனக்கும் ஊற்றிக்கொண்டேன்.

"வீடெல்லாம் நல்லபடியா முடியட்டும்டா தம்பி" என்று முதுகில் தட்டினேன். தோற்றவனுக்கு அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் சீட்டியடித்துக்கொண்டேதான் வேலை செய்தேன். மாடிப்படி ஏறும்போது சீட்டி, கை கழுவும்போது சீட்டி. திமோ கடைக்குப் போய் எல்லாருக்கும் காபி சொன்னேன். தோங்கா அதிகம் பேசவில்லை. பாவம், பழைய சிநேகிதனை வருத்தப்பட வைத்துவிட்டோமே என்று இருக்கிறாள், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். தோடு கழன்றுவிட்டதையும் கவனித்தேன். அதிலும் எனக்குச் சந்தோஷம்தான்.

சனிக்கிழமை மத்தியானம் கமென் வந்தான். கையில் அந்தப் பழைய விளக்குப் பெட்டி.

"இதையே திரும்பப் பூட்டிடுங்க அண்ணே. இன்னைக்கே கெளம்புறேன். அங்க போய்ப் புது லைட்டப் போட்டா அங்க இருக்கறவன் திட்டுவான்."

"தங்கப் போறேன்னியே?"

"இல்ல. வீட்ட வித்துடச் சொல்லிட்டேன்."

பூட்டிக் கொடுத்தேன். சந்தோஷமாகவே பூட்டினேன். எடைக்கு அவனையே உட்காரச் சொன்னேன், தோங்காவைக் கூப்பிடவில்லை. இடப்பக்கம் ஏறும் அந்த வெளிச்சத்தின் உயரத்தைச் சரி செய்துகொண்டிருந்தபோது அவன் வண்டியிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றான்.

"உங்ககிட்ட மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல அண்ணே. நான் வந்ததே அவளுக்காகத்தான். அவ நல்லாயில்லன்னா கூட்டிட்டுப் போயிடணும்னு மனசுல வச்சிருந்தேன். அதான் அன்னைக்கு நீங்க எதிர்ல நிக்கும்போதே நேராக் கேட்டுட்டேன்."

"என்னன்னு?"

"'இவரோட நீ சந்தோஷமா இருக்கியா, தோங்கா?'ன்னு. வேற ஒண்ணும் கேக்கல. ஆமான்னுட்டா. அதுக்கு மேல எனக்கு இங்க என்ன வேலை?"

"வாயத் தெறந்து ஆமான்னு சொன்னாளா?"

"இல்ல, தலையாட்டினா. இப்படி." மேலும் கீழும் ஆட்டிக் காட்டினான். "ரெண்டு தடவ. நீங்க அதிர்ஷ்டக்காரரு, அண்ணே."

திருப்புளி திருகிலிருந்து நழுவி என் விரலைக் கிழித்துவிட்டது. ஒரு வார்த்தை போதும். 'டேய், காபி ஞாபகமிருக்கா?' என்று நான் கேட்டிருந்தால் அவன் அந்த இடத்திலேயே நின்றிருப்பான். நான் விரலைத் துணியில் சுற்றிக்கொண்டு, "வெளிச்சம் சரியா இருக்கு, கெளம்பு" என்றேன். ஏன் சொல்லவேண்டும்? சொல்லி அவளை என் கையால் தூக்கி அவன் வண்டியில் வைக்கவா?

அவன் போன பிறகு சுவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து யோசித்தேன். தோங்காவுக்கு அவன் தலை மாறிய கதை தெரியும். அதைச் சொல்லிச் சிரித்தவளே அவள்தான். ஆகவே அவனுக்குப் புரிகிற மாதிரி, அவன் ஊர் வழக்கப்படி ஆமாம் என்று ஆட்டியிருக்கிறாள். வேறு எப்படி இருக்கமுடியும்? மாடிப்படி ஏறுவதற்குள் எனக்கு ஏறக்குறைய நம்பிக்கை வந்துவிட்டது.

தோங்கா பீன்ஸ் சூப்பை மேஜையில் வைத்திருந்தாள்.

"கமென் கெளம்பிட்டான்" என்றேன்.

"தெரியும். பாலத்துல ஹாரன் அடிச்சான்."

"அன்னைக்கு உன்கிட்ட என்னமோ கேட்டானாமே?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னமோவா? உனக்குக் கேட்டுச்சே. கண்ணாடி எறக்கியிருந்துச்சு, வண்டிய ஒட்டிதானே நின்ன."

"நீ எந்தத் தலைய ஆட்டின? அவன் ஊருதா, நம்ம ஊருதா?"

"அவன் ஆமான்னு எடுத்துக்குவான்னு தெரிஞ்சுதான் ஆட்டினேன். அவனுக்கு அது போதும். என் வீட்டுக் கதைய அவன்கிட்ட எதுக்குச் சொல்லணும்?" அவள் குரல் உயரவே இல்லை. "நான் உன்னப் பாத்துதான் ஆட்டினேன், வெல்கோ. உனக்குத்தான் இல்லன்னு சொன்னேன். சொல்லிட்டு, நீ என்ன செய்யப்போறேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ ராக்கியா எடுத்துட்டு வந்த. அன்னைலருந்து சீட்டியடிச்சுக்கிட்டுத் திரியிற."

"என்ஜின் ஓடிக்கிட்டு இருந்துச்சு, தோங்கா. சத்தியமா எனக்கு ஒண்ணும் கேக்கல."

"உனக்கு எப்பதான் என்ஜின் ஓடாம இருந்துச்சு?" என்றாள். பிறகு கரண்டியை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.